டிஸ்னி வேர்ல்டின் பழைய ரன்வே: ஏன் மூடினார்கள், ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள்?

மாலதி (செங்காங்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். விமான வேலையில் இருந்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்பதால் இங்கே கேட்கிறேன்.

ஜூன் விடுமுறையில் பிள்ளைகளோடு ஃபுளோரிடா போய் வந்தோம். டிஸ்னி வேர்ல்டில் மேஜிக் கிங்டம் பூங்காவின் கார் நிறுத்துமிடத்துக்குப் போகிற வழியில் என் மகன் கைப்பேசி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். மரங்களுக்கு நடுவில் கோடு போட்ட மாதிரி நேரான ஒரு தார்ப்பட்டை. "அம்மா, இது ரன்வே" என்றான். நான் நம்பவில்லை. ஹோட்டல் பேருந்து ஓட்டுநரிடம் கேட்டதற்கு அவர் ஆமாம் என்றார். 1971இல் பூங்கா திறந்தபோது டிஸ்னிக்கே சொந்தமாக ஒரு சின்ன விமானத்தளம் இருந்ததாம், கொஞ்ச நாளிலேயே சேவை நின்றுபோனதாம். ரன்வேயில் பள்ளங்கள் வெட்டி, விமானம் உருளும்போது டிஸ்னி பாட்டு ஒன்று கேட்கும்படி செய்திருந்தார்கள் என்றும் சொன்னார்.

அதிலிருந்து மகன் விடவே இல்லை. உலகமே போகிற இடத்தில் விமானத்தளம் ஏன் நடக்கவில்லை? அவ்வளவு கட்டடம் கட்டினவர்கள் அந்தத் துண்டு நிலத்தை மட்டும் ஏன் தொடாமல் வைத்திருக்கிறார்கள்? மறுபடி திறக்க வாய்ப்பு உண்டா? பாட்டு விஷயம் நிஜமா?

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. இங்கே சிங்கப்பூரில் எங்கள் வீட்டுக்கு மேலேதான் பாய லேபார் ராணுவத் தளத்தின் விமானங்கள் போகின்றன. அந்தத் தளமும் 2030களில் இடம் மாறப் போகிறது. ஒரு ரன்வேயை மூடின பிறகு அதை வைத்து உருப்படியாக என்ன செய்ய முடியும்?

---

ஹேங்கர் முத்து எழுதியது:

மாலதி, உங்கள் மகன் கண் நல்ல கண். அது ரன்வேதான். லேக் பூனா விஸ்டா என்று பெயர். குறுகிய தூரத்தில் ஏறி இறங்கும் விமானங்களுக்காகவே போட்ட தளம். நீளம் சுமார் 2,000 அடி, அதாவது 610 மீட்டர். சாங்கி ரன்வே 4,000 மீட்டர், நம் சிலேத்தார் 1,836 மீட்டர். ஒப்பிட்டுப் பார்த்தால் எவ்வளவு சின்னது என்று பையனுக்கே புரியும்.

நான் சிலேத்தாரில் சின்ன விமானங்களின் பராமரிப்பில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரன்வே என்றாலே எனக்குப் பேச நிறைய இருக்கிறது. நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1960களில் வால்ட் டிஸ்னி மத்திய ஃபுளோரிடாவில் 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கினார். சிங்கப்பூரில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. 1966இல் அவர் காட்டிய திட்டத்தில் பூங்கா மட்டும் இல்லை, ஒரு முழு நகரமும் அதற்கென்று ஒரு விமான நிலையமும் இருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். அடுத்த வருடம் மாநில அரசு ரீடி க்ரீக் என்ற தனி நிர்வாக மாவட்டத்தைச் சட்டம் போட்டு அமைத்துக் கொடுத்தது. விமான நிலையம் என்ன, அணுமின் நிலையம்கூட அமைத்துக்கொள்ள அந்தச் சட்டத்தில் இடம் இருந்தது! அப்படிப் பெரிதாக யோசித்ததில் கடைசியில் தரையில் வந்தது இந்த 610 மீட்டர்தான்.

அப்புறம் விமானம். ஷானி ஏர்லைன்ஸ் என்ற சின்ன நிறுவனம் ஓர்லாண்டோவிலிருந்து டுவின் ஓட்டர் ஓட்டியது. இரண்டு டர்போபிராப் இஞ்சின், அதிகம் போனால் 19, 20 பேர். இறக்கை மேலே இருக்கும், சக்கரம் உள்ளே மடங்காது, கேபினில் காற்றழுத்தம் கிடையாது. மாலத்தீவு போனவர்கள் மிதவை வைத்த டுவின் ஓட்டரில் ஏறியிருப்பீர்கள். நான் கைவைத்த விமானங்களிலேயே இதன் மேல் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. ஓடத் தொடங்கி 50 அடி உயரத்தைத் தாண்ட அதற்குச் சுமார் 366 மீட்டர் போதும். 610 மீட்டர் தாராளம். ஆகவே ரன்வே போதாமல் போனதால் மூடினார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூடியதற்கு வேறு கணக்கு. மேஜிக் கிங்டம் திறந்த முதல் ஆண்டிலேயே ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள். நாளுக்கு 27,000, 28,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டுவின் ஓட்டர் ஒரு நாளைக்கு 20 தடவை முழு ஆளோடு வந்து இறங்கினாலும் 400 பேர்தான். மீதிப் பேர் எப்படி வந்தார்கள்? காரில். நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. ஓர்லாண்டோவின் மக்காய் விமான நிலையம் சாலை வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மக்காய் அப்போது பெரிய குண்டுவீச்சு விமானங்கள் நின்ற ராணுவத் தளமும்கூட. ஜெட் விமானம் எதுவானாலும் இறங்கும் அளவுக்கு நீளமான ரன்வே அங்கே இருந்தது. இன்றைக்கும் ஓர்லாண்டோ பயணப்பெட்டிச் சீட்டில் எம்சிஓ என்று வருகிறதே, அது மக்காய் பெயரிலிருந்து வந்ததுதான். நியூயார்க்கிலிருந்து ஜெட்டில் வந்து இறங்கிய குடும்பம், பிள்ளையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு இன்னொரு குட்டி விமானத்துக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? வாடகைக் கார் எடுத்துப் போய்விடுவார்கள்.

இன்னொரு விஷயம் ஹேங்கரில், அதாவது விமானம் பழுதுபார்க்கும் கொட்டகையில், நின்றவர்களுக்குத்தான் பளிச்சென்று தெரியும். விமானத்தின் தேய்மானத்தை மணிக்கணக்கில் மட்டும் எழுதுவதில்லை, சைக்கிள் கணக்கிலும் எழுதுவோம். ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கினால் ஒரு சைக்கிள். டயர், பிரேக், லேண்டிங் கியர் எல்லாம் இறங்கும்போதுதான் தேயும். இஞ்சினின் சுழலும் பாகங்களுக்கு ஸ்டார்ட் பண்ணி, சூடாகி, மறுபடி குளிர்வதுதான் பெரிய பாரம். ஒரு மணி நேரம் பறந்தாலும் பத்து நிமிடம் பறந்தாலும் அந்தச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பத்து நிமிடப் பயணத்துக்கு ஒரு மணி நேர டிக்கெட் விலை யாரும் தரமாட்டார்கள். இப்படிக் குட்டித் தாவல் தாவும் சேவைகள் உலகத்தில் எங்கே நிலைத்தன என்று பாருங்கள். நடுவில் கடல் இருக்கும், அல்லது மலை இருக்கும். மாலத்தீவில் கடல். ஓர்லாண்டோவில் நடுவே இருந்தது நல்ல சாலை. அதனால் 1970களின் தொடக்கத்திலேயே வழக்கமான சேவை நின்றுவிட்டது.

இதை நம் பக்கத்திலும் பார்த்தோம். சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் தியோமான் தீவுக்கு பெர்ஜாயா ஏர் நான்கு இஞ்சின் டேஷ் 7 விமானம் ஓட்டியது. அதுவும் டுவின் ஓட்டரைச் செய்த அதே கனடா கம்பெனியின் தயாரிப்பு. தீவு ரன்வே ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. அங்கே நடுவில் கடல் இருந்ததால் அந்தச் சேவை பல வருடம் தாக்குப்பிடித்தது. 2014இல் அதுவும் நின்றது. மெர்சிங் போய் ஃபெர்ரி எடுக்கும் பழைய வழிதான் நம் ஆட்களுக்கு மறுபடி வந்தது.

டிஸ்னியில் ரன்வே இப்போது எதற்குப் பயன்படுகிறது என்றால், பொருள் அடுக்கிவைக்க, வண்டிகள் நிறுத்த, கட்டுமான வேலைக்குத் தேவையானதை இறக்கிவைக்க. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அதை ஏன் தோண்டி எடுக்கவில்லை என்று மகன் கேட்டது நல்ல கேள்வி. மத்திய ஃபுளோரிடா சதுப்பு நிலம். அங்கே சமதளமாக, மழைத்தண்ணீர் ஓடிவிடும்படி, இறுக்கிக் கெட்டிப்படுத்திய மண்ணின் மேல் தார் போட்ட 600 மீட்டர் கிடைப்பது லேசான காரியம் இல்லை. ஒரு பெரிய பூங்காவை நடத்துபவர்களுக்கு வாடிக்கையாளர் கண்ணில் படாத ஒரு கொல்லைப்புறம் வேண்டும். அதற்கு இது அமைந்துபோனது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். டுவின் ஓட்டர் முழுச் சுமையோடு நின்றாலும் 5,700 கிலோவைத் தாண்டாது. நம் ஊர்ச் சாதாரண, மாடியில்லாத பேருந்து காலியாக நின்றாலே அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. "ரன்வே என்றால் இரும்பு மாதிரி இருக்கும், எதையும் ஏற்றலாம்" என்று நினைக்கக் கூடாது. எந்த விமானத்துக்காகப் போட்டார்களோ அதற்கேற்ற தடிமன்தான் இருக்கும். சின்னத் தளத்தின் மதிப்பு அதன் சமதளத்திலும் வடிகாலிலும்தான், பலத்தில் இல்லை. பாய லேபார் கதை வேறு. அது ஜம்போ ஜெட்டுகளைத் தாங்கின தரை.

மறுபடி திறப்பார்களா? மாட்டார்கள். 1982இல் எப்காட் என்ற இன்னொரு டிஸ்னி பூங்கா திறந்தபோது மோனோரயில் பாதை அந்தப் பக்கம் வந்துவிட்டது. அதைவிடப் பெரிய தடை வானத்தில் இருக்கிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 2003இல், அமெரிக்க நாடாளுமன்றமே டிஸ்னி பூங்காக்களுக்கு மேலே பறக்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. சுற்றிலும் 3 கடல் மைல், மேலே 3,000 அடி. அந்த வட்டத்துக்குள் இருக்கிறது இந்த ரன்வே.

பாட்டு விஷயம். ரன்வேயில் குறுக்கே பள்ளம் வெட்டுவது பல பெரிய விமான நிலையங்களிலும் உண்டு. ஆறு மில்லிமீட்டர் ஆழம், ஆறு மில்லிமீட்டர் அகலம், நெருக்க நெருக்கமாக இருக்கும். மழைத்தண்ணீர் டயருக்கு அடியில் தேங்கி விமானம் வழுக்கக் கூடாது என்பதற்காக வெட்டுவது அது. பள்ளங்களின் இடைவெளியை மாற்றிமாற்றி வைத்தால் டயர் சத்தத்தில் ராகம் வரும். ஜப்பானில் சாலையிலேயே செய்திருக்கிறார்கள். டிஸ்னியில் அப்படிக் கேட்டது என்று அங்கே வேலை பார்த்த பழைய ஆட்கள் சொல்லும் கதை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. கதை என்ற அளவில் பையனுக்குச் சொல்லுங்கள். பள்ளம் வெட்டுவது ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது இன்னும் சுவாரசியமானது.

பாய லேபார் பற்றித் தனியாக எழுதுகிறேன். அது எனக்கு நெருக்கமான விஷயம், அவசரமாக எழுத விருப்பமில்லை.

---

டகோட்டா பிரியா எழுதியது:

மாலதி அக்கா, அவ்வளவு தூரம் ஃபுளோரிடாவுக்கே போக வேண்டாம், மூடின ரன்வே என்ன ஆகும் என்று பார்க்க மவுண்ட்பேட்டனுக்கு வாருங்கள். நான் வளர்ந்தது டகோட்டா கிரசென்ட்டில். காலாங் விமான நிலையத்தில் வந்து இறங்கின டகோட்டா விமானத்தின் பெயர்தான் எங்கள் தெருவுக்கு.

காலாங் 1937 ஜூன் 12இல் திறந்தது. பிறகு ரன்வேயை நீட்டவேண்டி வந்தபோது மவுண்ட்பேட்டன் ரோட்டையே தாண்டிக்கொண்டு போனது. விமானம் வரும்போது கார்களை நிறுத்திவைப்பார்கள் என்று என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1955இல் பாய லேபார் திறந்ததும் காலாங்கை மூடிவிட்டார்கள். முனையக் கட்டடத்தில் 1960இலிருந்து 2009 வரை மக்கள் கழகம் இருந்தது. 2008இல் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தார்கள். ரன்வே? அதன் மேல் வீடு வந்தது, விளையாட்டரங்கம் வந்தது, சாப்பாட்டுக்கடை வந்தது. ஓல்ட் ஏர்போர்ட் ரோடு உணவங்காடியில் வரிசையில் நிற்கும் எத்தனை பேருக்குத் தெரியும், விமானம் ஓடின வட்டாரத்தில் நிற்கிறோம் என்று? கட்டடம் தப்பித்தது, ஓடுபாதையின் கோடு தப்பிக்கவில்லை. அங்கே போய் "விமானம் எந்தத் திசையில் இறங்கியது" என்று பிள்ளைகள் கேட்டால் கையைக் காட்ட ஒன்றும் இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

எங்கள் பழைய டகோட்டா வீடுகளையும் இடிக்கப் பார்த்தார்கள். நிறையப் பேர் எழுதிப் பேசின பிறகுதான் நடுவில் உள்ள ஆறு புளோக்குகளை வைத்துக்கொள்வதாக 2017 டிசம்பரில் அறிவித்தார்கள். கேட்டால்தான் கிடைக்கும். பாய லேபாருக்கும் இப்போதே கேட்க வேண்டும்.

---

ஹவ்காங் ராஜா எழுதியது:

பிரியா, முத்து ஐயா, இருவர் மீதும் மரியாதை வைத்துத்தான் சொல்கிறேன். நான் ஹவ்காங்கில் இருக்கிறேன். போர் விமானம் மேலே போனால் பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். என் தம்பி கல்யாணமாகி வீட்டுக்கு பிடிஓ, அதாவது அரசு கட்டித்தரும் புது வீட்டுக்கு விண்ணப்பம், போட்டுவிட்டுப் பல வருடம் மாமனார் வீட்டில் இருந்தான். பாய லேபார் தளம் போனால் 800 ஹெக்டர் நிலம் கிடைக்கும், அந்தத் தளத்திலும் சுற்றுவட்டாரத்திலும் ஏறக்குறைய 150,000 வீடு கட்டலாம் என்று 2022 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமரே சொன்னார். தளத்துக்காகச் சுற்றிலும் இருந்த உயரக் கட்டுப்பாடும் தளரும்.

இப்படி இருக்கும்போது ஒரு பழைய தார் ரோட்டை நினைவுக்காக வைத்துக்கொள்வது நம் மாதிரிச் சின்ன ஊருக்குக் கட்டுப்படியாகுமா? டிஸ்னிக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் இருக்கிறது, ஒரு துண்டைச் சும்மா போட்டுவைக்கலாம். நமக்கு எங்கே இருக்கிறது? வீடு முதலில், நினைவு அப்புறம். இதைக் கோபத்தில் சொல்லவில்லை, என் தம்பி மாதிரி எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சொல்கிறேன்.

---

ஹேங்கர் முத்து எழுதியது:

ராஜா தம்பி, நீங்கள் கேட்டது நியாயம். வீடு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். எனக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

பாய லேபார் ரன்வே ஏறக்குறைய 3,780 மீட்டர். அகலம் 60 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 23 ஹெக்டருக்குக் கொஞ்சம் கீழே. 800இல் 23 என்றால் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. எந்த நகரம் கட்டினாலும் பூங்கா, நடைபாதை, சைக்கிள் பாதை, வடிகால் எல்லாவற்றுக்கும் இதைவிடப் பல மடங்கு நிலம் ஒதுக்கத்தான் போகிறார்கள். அந்த ஒதுக்கீட்டில் ஒரு பகுதி ரன்வே இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்பதுதான் என் வேண்டுகோள். ஒரு வீடுகூடக் குறையாது.

இது என் சொந்த ஆசை மட்டும் இல்லை. நகர மறுசீரமைப்பு ஆணையம் 2022இல் காட்சிக்கு வைத்த கருத்துத் திட்டத்திலேயே ரன்வேயை நகரத்தின் நடுவே ஓடும் பசுமையான திறந்தவெளியாக வைக்கலாம் என்று இருந்தது. கருத்து நிலையில் இருப்பது கட்டும்போது துண்டு துண்டாகக் குறையும் என்பதுதான் என் பயம். இங்கே ஒரு குறுக்குச் சாலை, அங்கே ஒரு கடைத்தொகுதி, ஒரு பேருந்து முனையம் என்று வைத்துக்கொண்டே போனால் கடைசியில் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சும். பிரியா காலாங் பற்றிச் சொன்னது அதுதான்.

ரன்வேயில் என்ன விசேஷம் என்று நினைக்கலாம். நான் அதில் நடந்திருக்கிறேன். விமானம் இறங்கும் முன் நட்டு, போல்ட், கல், பறவை எதுவும் கிடக்கிறதா என்று வரிசையாக நடந்து பொறுக்குவோம். ஒரு சின்ன போல்ட் இஞ்சினுக்குள் போனால் போதும், உயிர் போகும். தலையைக் குனிந்து நடந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பக்கமும் எதுவும் மறைக்காது. இந்தத் தீவில் அப்படி ஒரு பார்வை கடற்கரையைத் தவிர வேறு எங்கேயும் கிடையாது. நம் ரன்வேக்கள் பெரும்பாலும் வடக்கு தெற்காகவே இருக்கும், வடகிழக்குப் பருவக்காற்றும் தென்மேற்குப் பருவக்காற்றும் மாறி மாறி அடிப்பதால். ஆக, அந்த நீளத்தில் வருடம் முழுக்கக் காற்று ஓடும். புழுக்கமான ஊரில் நடுவில் காற்று ஓட நாலு கிலோமீட்டர் வாய்க்கால் யாராவது இனாமாகக் கொடுத்தால் அடைப்பார்களா?

பெர்லினில் டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தை 2008இல் மூடினார்கள். 2010இல் ரன்வேயோடு அப்படியே பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். 2014இல் ஓரத்தில் வீடு கட்டலாமா என்று கேட்டபோது மக்கள் வாக்களித்து வேண்டாம் என்றார்கள். அந்த அளவுக்கு நான் போகமாட்டேன், ஓரத்தில் தாராளமாகக் கட்டட்டும். ஹாங்காங் கை தாக்கை 1998இல் மூடி, கடலுக்குள் நீண்ட அந்த ரன்வேயின் முனையில் 2013இல் உல்லாசக் கப்பல் முனையம் திறந்தார்கள். கட்டடம் நிறைய வந்தும், மேலிருந்து பார்த்தால் அந்தக் கோடு இன்னும் தெரிகிறது. கட்டுவதும் காப்பதும் சேர்ந்து நடக்கும் என்பதற்கு அதுவே போதும்.

நாம் என்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன், பொதுவாகப் பேசினால் யாருக்கும் பயனில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குறுக்கே கட்டடம் கூடாது. சாலை கடக்க வேண்டுமானால் கீழே போகட்டும். தாரை முழுக்கத் தோண்டி எடுக்காமல் ஒரு பட்டையையாவது விட்டுவையுங்கள், சைக்கிளுக்கும் சக்கர நாற்காலிக்கும் அதைவிடச் சமமான தரை கிடையாது. ரன்வே முனையில் எழுதியிருக்கும் எண்களை அழிக்காதீர்கள். பாய லேபாரில் ஒரு முனை 02, மறுமுனை 20. 02 என்றால் திசைகாட்டியில் ஏறக்குறைய 20 டிகிரி, 20 என்றால் 200 டிகிரி. பள்ளிப் பிள்ளைகள் திசைகாட்டி எடுத்துவந்து அங்கேயே சரிபார்க்கலாம். எரிபொருள், தீயணைப்பு நுரை பட்ட மண்ணை முதலில் நன்றாகச் சோதித்துச் சுத்தம் செய்யுங்கள். இது கடைசியாகச் செய்யும் வேலை இல்லை, முதல் வேலை.

ஒன்று மட்டும் பாய லேபாரில் நடக்கக் கூடாது. டிஸ்னி மாதிரி வேலி போட்டுப் பொருள் அடுக்கும் இடமாக விட்டுவிடக் கூடாது. தனியார் நிலம், அவர்கள் வசதி, அதில் நான் குறை சொல்லவில்லை. இது பொது நிலம். தளம் காலியான மறுநாளே கொஞ்ச தூரத்துக்காவது மக்களை உள்ளே விட வேண்டும்.

---

ஹவ்காங் ராஜா எழுதியது:

நூற்றுக்கு மூன்று என்று எனக்குத் தெரியாது ஐயா. ரன்வே என்றதும் பாதி நிலத்தைக் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். குறுக்கே சாலை கீழே போவது செலவு அதிகம், அதில் எனக்கு இன்னும் யோசனை இருக்கிறது. ஹவ்காங் பக்கத்திலிருந்து மறுபக்கம் போக எங்களுக்குச் சுற்றுவழி ஆகிவிடக் கூடாது, அதையும் சேர்த்துக் கேளுங்கள். மற்றபடி காற்று ஓடும் என்றால் நான் உங்கள் பக்கம். அடுத்த முறை ஆணையம் கருத்துக் கேட்டால் இங்கே போடுங்கள், நானும் எழுதுகிறேன்.

---

மாலதி (செங்காங்) எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முத்து ஐயா, உங்கள் பதிவை மகனுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். பேருந்தைவிட விமானம் எடை குறைவு என்பதை அவனால் நம்பவே முடியவில்லை.

ராஜா சொன்ன சத்தம் எங்களுக்கும் பழக்கம்தான். ஆனாலும் அந்த நாலு கிலோமீட்டர் திறந்தவெளியில் என் மாமியாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகலாம் என்று நினைக்கும்போது, அதைக் கேட்டு எழுத வேண்டும் என்று எனக்கும் தோன்றுகிறது. பிரியா, டகோட்டாவுக்காக எழுதியபோது யாருக்கு, எப்படி எழுதினீர்கள் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

மகன் இன்னொன்று கேட்கச் சொன்னான். லிம் சூ காங் ரோட்டில் போர் விமானங்கள் இறங்கிப் பயிற்சி செய்ததைப் படித்தானாம். அந்த ரோட்டில் டுவின் ஓட்டர் இறங்க முடியுமா?

---

ஹேங்கர் முத்து எழுதியது:

நீளத்தில் பிரச்சினையே இல்லை. பயிற்சிக்காக மாற்றியபோது அந்த ரோடு 2,500 மீட்டர் ரன்வே ஆனது, டுவின் ஓட்டருக்கு அதில் நாலில் ஒரு பங்கே அதிகம். அகலத்தில்தான் பார்க்க வேண்டும். ரோடு 24 மீட்டர். எஃப்-16 போர் விமானத்துக்கு இறக்கை ஏறக்குறைய 10 மீட்டர்தான், டுவின் ஓட்டருக்கோ 19.8 மீட்டர். நடுக்கோட்டில் சரியாக இறங்கினால் பக்கத்துக்கு இரண்டு மீட்டர் சொச்சம் மிச்சம். இறக்கை உயரத்தில் இருப்பதால் சின்னத் தடுப்புகளுக்கு மேலே போய்விடும். விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம், சாலைப் பலகை எல்லாவற்றையும் 1986இலிருந்து ஒவ்வொரு பயிற்சிக்கும் கழற்றித்தான் வைத்தார்கள், அதுபோலக் கழற்றியிருந்தால் நல்ல விமானி இறக்கிவிடுவார். குறுக்குக்காற்று இல்லாத நாளாகப் பார்க்க வேண்டும்.